பச்சை இலை காத்திருக்காது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஊட்டியில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி. வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. வாரம் ஒரு செய்தியை எடுத்து, அதில் பாடத்தில் படித்த எந்தக் கருத்து இருக்கிறது என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் தக்காளியை வைத்து 'விலை ஏறினால் தேவை குறையும்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் தேயிலையை எடுத்தேன், மாட்டிக்கொண்டேன்.

உப்பு, மருந்து, டீ போன்றவற்றை விலை ஏறினாலும் மக்கள் குறைக்க மாட்டார்கள், அது நெகிழ்ச்சியற்ற தேவை என்று படித்தோம். அப்படியென்றால் அதை விளைவிக்கிறவருக்கு விலையை ஏற்றிக்கொள்ளும் பலம் இருக்க வேண்டும்தானே? டீக்கடையில் டீ 15 ரூபாய் ஆகிவிட்டது. ஏலத்தில் தேயிலைத் தூள் விலை உயர்ந்தது என்று செய்தி வருகிறது. அப்பாவுக்கு இலைக்குக் கிலோ 20 ரூபாய் கிடைத்தாலே அது நல்ல மாதம். பாடம் தப்பா, செய்தி தப்பா? இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது? பெயர் போட வேண்டாம் அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டிலும் தப்பில்லை. பாடம் பேசுவது ஒரு சந்தையைப் பற்றி, செய்தி பேசுவது இன்னொன்றைப் பற்றி, உங்கள் அப்பா நிற்பது மூன்றாவதாக ஒரு சந்தையில். நெகிழ்ச்சியற்ற தேவை என்பது டீ குடிக்கிறவரின் குணம். அப்பா டீ குடிக்கிறவருக்கு விற்கவில்லையே. அவர் ஏஜெண்டுக்குக் கொடுக்கிறார், அது தொழிற்சாலைக்குப் போகிறது, தூளாகிக் குன்னூர் ஏலத்துக்கு வருகிறது, அங்கே பாக்கெட் போடும் கம்பெனிகள் எடுக்கின்றன, அப்புறம்தான் கடை. ஒவ்வொரு கை மாறும்போதும் வாங்குபவர் வேறு, அவருடைய நெகிழ்ச்சியும் வேறு. குடிக்கிறவர் டீயை விட மாட்டார், சரி. ஆனால் பாக்கெட் போடுகிற கம்பெனி நீலகிரித் தூளைக் கொஞ்சம் குறைத்து அசாம் தூளையோ கேரளத் தூளையோ கொஞ்சம் கூட்டிக் கலந்துகொள்ள முடியும், குடிக்கிறவரின் நாக்குக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆக டீயின் தேவை நெகிழாது, குன்னூர் ஏலத்துக்கு வரும் ஒரு தொழிற்சாலைத் தூளின் தேவை நன்றாகவே நெகிழும். பாடத்தில் இந்த இரண்டாவது வரியையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அந்த 15 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒரு டீக்கு இரண்டரை கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவுக்கு 400 டீ, அதாவது 6,000 ரூபாய் வியாபாரம். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். கிலோ 20 ரூபாய் என்றால் 90 ரூபாய். டீக்கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை, பால், சர்க்கரை, கேஸ், வாடகை, மாஸ்டர் கூலி எல்லாம் அந்த 6,000-க்குள்தான் வர வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. 2023 செப்டம்பரில் நம் சிறு விவசாயிகள் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்களே, ஞாபகம் இருக்கும். அந்த விலையை முழுசாகக் கொடுத்து, கூடுதல் செலவு மொத்தத்தையும் குடிக்கிறவர் தலையில் வைத்தால்கூட ஒரு டீக்கு 15 காசு ஏறும். ரூபாய் இல்லை, காசு.

இங்கேதான் உங்கள் கேள்வி உண்மையாகவே கடினமாகிறது. முடிவான பொருளின் செலவில் ஒரு மூலப்பொருளின் பங்கு சின்னதாக இருந்தால், அதற்கு மாற்றும் இல்லை என்றால், அதை விற்பவரின் கை ஓங்கி இருக்கும் என்று பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தக் கணக்குப்படி பச்சை இலைக்காரர் பலசாலி. நடப்பது நேரெதிர். வாங்குபவருக்கு மாற்று உண்டு என்பதை மேலே பார்த்தோம், அது பாதிக் காரணம். மீதியைத் தெரிந்துகொள்ள இலை ஷெட்டில் ஒரு சாயங்காலம் நின்றால் போதும்.

பறித்த இலையைச் சாக்கில் அமுக்கிக் கட்டியதுமே உள்ளே சூடேறத் தொடங்கிவிடுகிறது. கையை விட்டால் வெதுவெதுப்பு தெரியும். இன்னும் சில மணி நேரம் அப்படியே கிடந்தால் இலை சிவந்துபோகும், அதற்கப்புறம் அது குப்பை. ஷெட்டில் எடை போடுகிறவருக்கும் அது தெரியும், இலை கொண்டுவந்த அம்மாவுக்கும் தெரியும். 'இந்த விலைக்குத் தரமாட்டேன், நாளைக்கு வருகிறேன்' என்று சொல்ல அவரால் முடியாது. சரி, பறிக்காமலே விட்டுவிடலாமே என்றால், அடுத்த சுற்றுக்குள் இலை முற்றிப்போகும், முற்றின இலையை எந்தத் தொழிற்சாலையும் நல்ல விலைக்கு எடுக்காது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இலை அமோகமாக வரும்போது தொழிற்சாலைகள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுப்போம் என்று கோட்டா வேறு போட்டுவிடும். விற்பவர்கள் ஆயிரக்கணக்கில், வாங்குபவர்கள் அந்தப் பக்கத்தில் இரண்டோ மூன்றோ, பொருளுக்கு ஆயுள் அரை நாள். இதில் பேரம் எங்கே இருக்கிறது?

எனவே உங்களுக்கு ஒரு கேள்வியைக் கொடுக்கிறேன், எந்த விலைச் செய்தியைப் படித்தாலும் அதை முதலில் கேட்டுப் பாருங்கள்: இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது? உங்கள் பாடத்தில் மிகக் குறுகிய காலம், குறுங்காலம், நீண்ட காலம் என்று அளிப்பைப் பிரித்து மார்ஷல் பெயரோடு ஒரு பக்கம் வரும், மீன் சந்தையை உதாரணம் காட்டுவார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு எல்லோரும் தாண்டிப்போகிற பக்கம் அது. மலையில் இருப்பவர்களுக்கு அதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

கொடைக்கானல் மேல்மலைக்குப் போய்ப் பாருங்கள். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் மலைப்பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி பரணில் தொங்கவிடுவார்கள். மாதக்கணக்கில் கெடாது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு அந்தத் தாங்கும் தன்மையும் ஒரு காரணம். 2024-ல் பூண்டு சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, பரணில் சரக்கு வைத்திருந்தவர் வடுகபட்டிச் சந்தைக்கு எப்போது போவது என்று அவரே முடிவு செய்ய முடிந்தது. அவரும் சிறு விவசாயிதான், நிலம் உங்கள் அப்பாவுக்கு இருப்பதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் அவருடைய பொருள் காத்திருக்கும்.

கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபி. பிரேசிலில் 2024-ல் மழை பொய்த்தது, 2025 பிப்ரவரியில் அராபிகா உலகச் சந்தையில் பவுண்டுக்கு 4 டாலருக்கு மேல் போனது, அதற்கு முன் கண்டிராத விலை. அளிப்பு அதிர்ச்சி என்று ஒரு வரியில் எழுதி நீங்கள் மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அதே தாண்டிக்குடியில் பழமாகவே நவம்பரில் விற்றவருக்கு ஒரு விலை, காயவைத்துக் கொட்டையாக வைத்திருந்து பிப்ரவரியில் விற்றவருக்கு இன்னொரு விலை. பழமாக விற்றவருக்கு விவரம் போதாது என்று நினைக்காதீர்கள். கூலி பாக்கி, பிள்ளைக்கு ஃபீஸ், கூட்டுறவுச் சங்கத் தவணை என்று ஏதோ ஒன்று அவரை அவசரப்படுத்தியிருக்கும். இன்னும் ஏறும் என்று பிப்ரவரியையும் தாண்டிப் பொறுத்தவர்களும் இருந்தார்கள், ஆண்டின் நடுவில் விலை நன்றாக இறங்கிவிட்டது. காத்திருப்பவர் எப்போதும் ஜெயிப்பார் என்று எழுதிவிடாதீர்கள். முடிவெடுக்கும் உரிமை அவர் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

கேரட் பச்சை இலைக்கும் பூண்டுக்கும் நடுவில். மண்ணிலேயே பத்து நாள் விட்டுவைக்கலாம், தோண்டிக் கழுவியபின் அன்றைக்கே மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். மலைப்பாதையில் மண் சரிந்த நாளில் லாரியோடு நின்றவர்களைக் கேளுங்கள், மிகக் குறுகிய காலம் என்றால் என்ன என்று அவர்கள் சொல்வார்கள்.

பயிரை விட்டு வெளியே வந்தாலும் இந்தக் கேள்வி நிற்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வருபவர்களுக்கு இ-பாஸ் 2024 மே 7-ந் தேதி வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து சீசனுக்கு உயர் நீதிமன்றம் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டியது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஏப்ரல் 2-ந் தேதி நீலகிரியில் கடையடைப்பு நடந்தது. செய்தி இதை 'சுற்றுச்சூழலா, பிழைப்பா' என்றே எழுதியது. வண்டிகளுக்கு வரம்பு வேண்டும் என்பதுதான் என் கருத்து, அதில் எனக்குத் தயக்கமில்லை. ஒருவர் கார் ஓட்டிவருவதன் செலவை, நெரிசலில் நிற்கும் ஆம்புலன்ஸும் குப்பை சேரும் ஓடையும் சுமக்கின்றன, அவர் ஒரு காசு கொடுப்பதில்லை. புறவிளைவு என்று நீங்கள் படிப்பது இதைத்தான். ஆனால் வரம்பின் சுமை யார் மேல் இறங்குகிறது என்பது தனிக் கேள்வி. லாட்ஜ் அறையும் பச்சை இலை மாதிரிதான், இன்றைய ராத்திரி போகாத அறையை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. பெரிய ரிசார்ட் சனிக்கிழமை விருந்தினரைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொள்ளும். ஏரிக்கரையில் சோளம் சுடுகிறவரால் முடியாது. பேருந்தில் வருபவருக்கு அந்த வரம்பு இல்லை, எனவே பேருந்தைப் பெருக்கினால் சுமை குறையும் என்ற இடத்துக்கு உங்கள் கட்டுரை தானாகவே வந்து சேரும்.

வரியின் பாரம் யார் மேல் விழும் என்ற பாடமும் இதே ஊற்றிலிருந்து வருவதுதான். 2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, சட்டப்படி அதைக் கட்டியது அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்ற அவரால் முடியும், திருப்பூர் ஃபேக்டரியைத் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியாது. மீதியை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

திரும்பத் தேயிலைக்கே வருகிறேன். காத்திருக்க முடியாத இலையைக் காத்திருக்கக்கூடிய தூளாக மாற்றும் இயந்திரம் விவசாயியின் கையிலேயே இருக்கட்டும் என்பதுதான் நம் இன்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் அடிப்படை யோசனை. அந்த யோசனை இன்றைக்கும் சரியானது, என் மனசுக்கு ரொம்பப் பிடித்ததும்கூட. அது முழுப் பலன் தராததற்கு நிர்வாகத்தை மட்டும் காரணம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தூள் காத்திருக்கும், உண்மை, ஆனால் உறுப்பினர் வீட்டில் மாதச் சம்பளம் மாதிரி இலைக் காசை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மரம் வெட்டி அடுப்பு எரித்த செலவு, மின்சாரம், கூலி எல்லாம் உடனே கொடுத்தாக வேண்டும். எனவே எல்லோரும் தூளைக் கொட்டும் அதே மாதத்தில் இவர்களும் கொட்ட வேண்டியிருக்கிறது. கிடங்கும், கிடங்குச் சரக்கின் பேரில் குறைந்த வட்டிக் கடனும் இல்லாமல் காத்திருக்கும் பலம் வராது. அரசிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் நான் ஆதார விலைக்கு முன்னால் இதைக் கேட்பேன்.

'ஏலத்தில் விலை உயர்வு' என்ற செய்திக்கு மட்டும் ஒரு வார்த்தை. எந்தத் தூள் என்று பாருங்கள். இலங்கையில் 2021-ல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள், 2022-ல் அங்கே கால் நூற்றாண்டில் இல்லாத அளவுக்கு உற்பத்தி விழுந்தது, தென்னிந்தியாவில் இலங்கை பாணியில் இலையை உருட்டித் தயாரிக்கும் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு நல்ல விலை வந்தது. நம் பக்கம் இலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை இலையை நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கும் சி.டி.சி. இயந்திரம் வைத்தவை, ஒரே சீசனில் அவை மாற முடியாது. தலைப்பில் 'தேயிலை' என்றுதான் வரும். பச்சை இலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலையும் ஏலத்தின் சராசரியை வைத்து வருவதுதான், எனவே ஒரு வாரத்து உச்சம் அதில் கரைந்துபோகும்.

இந்த வாரக் கட்டுரைக்குச் செய்தித்தாளோடு அப்பாவின் இலை ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்து ரசீது இருந்தால் நல்லது. வாரியம் அறிவித்த விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் எடையைப் பாருங்கள்: சாக்குக்கு, ஈரத்துக்கு என்று நூறு கிலோவுக்கு எவ்வளவு கழிக்கிறார்கள்? இலை குறைவாக வரும் மாதத்திலும் நிறைய வரும் மாதத்திலும் அந்தக் கழிவு ஒரே அளவா, மாறுகிறதா? மாறுகிறது என்றால் மாதவாரியாக எனக்கு எழுதி அனுப்புங்கள், பெயர் இல்லாமலே போடலாம்.

அன்புடன்,
அக்கா