தண்டையார்பேட்டையிலிருந்து லண்டன் வந்த தம்பிக்கு

நம்ம ஊர் லைசென்ஸ் இங்கே எத்தனை நாள் செல்லும், பழைய கார் எங்கே வாங்கலாம், இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும், ரோட்டோரத்து மஞ்சள் கோடு, சிவப்புக் கோடெல்லாம் என்ன என்று கேட்டிருக்கிறாய். லைசென்ஸ், இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும். அதற்குள் புரொவிஷனல் (இங்கத்திய பழகுநர் லைசென்ஸ்) எடுத்து தியரி, டிரைவிங் என்று இரண்டு டெஸ்ட்டையும் பாஸ் பண்ணிவிடு. காரும் இன்சூரன்ஸும் நெட்டில் தேடினால் கிடைக்கும். கோட்டைப் பற்றி மட்டும் விலாவாரியாகச் சொல்கிறேன்.

நானும் ராயபுரம்தான். கல்மண்டபம் பக்கம் குட்டியானை ஓட்டினவன். அங்கே கடைக்காரர் கத்தாத இடமெல்லாம் பார்க்கிங். எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில்கூட யாராவது ஒருத்தர் "யோவ், வண்டிய எடுய்யா" என்று குரல் கொடுத்துவிடுவார், நாமும் பத்தடி தள்ளிப் போட்டுவிடுவோம். இங்கே ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். சில இடங்களில் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், பிறகு தபாலில் அபராதக் கவர் வரும்.

இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்த நேரமும் நிறுத்தி வைக்கக் கூடாது. ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். இரட்டைச் சிவப்பில் அதுவும் கூடாது. ஒற்றை மஞ்சளில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். பக்கத்துக் கம்பத்தில் நேரம் எழுதிய பலகை இருக்கும். இல்லையென்றால் எப்போதும் ஃப்ரீ என்று நினைத்துவிடாதே. முழு வட்டாரமும் பார்க்கிங் கட்டுப்பாட்டு மண்டலமாக இருந்தால், நீ உள்ளே நுழைந்த தெருமுனையிலேயே ஒரே பலகையில் நேரத்தைப் போட்டு முடித்திருப்பார்கள். வெம்பிளி மாதிரி ஸ்டேடியம் இருக்கும் இடத்தில் மேட்ச் நாளில் அந்த நேரமும் மாறும். நடைபாதை மேல் ஒரு சக்கரம் ஏறினாலும் குற்றம்தான். லண்டனில் 1974லிருந்தே சட்டம், விதிவிலக்கென்றால் பலகை வைத்திருப்பார்கள். ஜீப்ரா கிராஸிங் பக்கம் வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கோட்டில், நடப்பவர்களுக்கு வழிவிடுவதைத் தவிர வேறு எதற்காகவும் நிறுத்தாதே.

ஹசார்ட் லைட்டைத் தட்டிவிட்டால் ரோட்டில் போட்ட கோடெல்லாம் அழிந்துவிடும் என்று நம்ம ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோயில் பக்கம் போய்ப் பார், தெருவே கார்த்திகை தீபம் மாதிரி இருக்கும். இன்னொரு வகை, 'இருபது வருஷமா இருக்கேன், வந்த நோட்டீஸைக் கிழித்துப் போடு' என்கிற அங்கிள்கள். கேட்காதே. கவுன்சில் (உள்ளாட்சி) நோட்டீஸை 14 நாளுக்குள் கட்டினால் பொதுவாகப் பாதித் தொகையோடு போகும், விட்டால் ஏறிக்கொண்டே போகும். சூப்பர் மார்க்கெட் வளாகத்தில் தனியார் கம்பெனி அனுப்புவது அரசாங்க அபராதம் இல்லை என்பது சரிதான். அதற்காகக் கிழிக்கலாமா? அவர்களும் கோர்ட்டுக்குப் போவார்கள். நியாயம் உன் பக்கம் இருந்தால் போட்டோ எடுத்து அப்பீல் போடு.

நான் வந்த புதிதில் ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டினேன். முதலாளி நம்ம ஆள்தான். 'ரெண்டு நிமிஷம்தானே, சிவப்புக் கோட்டிலேயே போடு' என்று சொல்வதும் அவர், வந்த அபராதத்தை என் சம்பளத்தில் பிடிப்பதும் அவர். அந்த முதல் குளிர்காலம் பூராவும் அவருக்குத்தான் உழைத்தேன். அந்த ஆத்திரத்தில்தான் 'ஹைவே கோட்' என்கிற இங்கத்திய சாலை விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். இன்றைக்குத் தெருவில் வெள்ளைக்காரர்களே என்னிடம் பலகையைக் காட்டிச் சந்தேகம் கேட்கிறார்கள்.

அப்புறம் ஹெட்லைட். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்காரன் லைட் அடித்தால் 'நான் நிற்க மாட்டேன், ஒதுங்கு' என்று அர்த்தம். இங்கே புத்தகப்படி 'நான் இருக்கிறேன்' என்பதற்கு மட்டும்தான். ஆனால் முக்கால்வாசிப் பேர் 'நீ போ' என்று வழிவிடத்தான் அடிக்கிறார்கள். வந்த புதிதில் ஒரு குறுகலான தெருவில் எதிரே வந்த பஸ் லைட் அடிக்க, நான் ஓரங்கட்டி நின்றுவிட்டேன். பஸ்ஸும் நிற்கிறது, நானும் நிற்கிறேன். பின்னால் ஏழெட்டு வண்டி, ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு மினிகேப்காரர் (வாடகைக் கார் ஓட்டுபவர்) ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அழுத்தினார். எட்டிப் பார்த்தேன், வியாசர்பாடிக்காரர்.