சென்ட்ரிங் ஷீட்ல பட்டறை மேசை போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி): அண்ணாச்சி, வீட்டுக்குப் பின்னால ஷெட்டு இறக்கி சின்னதா ஒரு பட்டறை போட்டிருக்கேன். ரூட்டர் டேபிள் (மரத்துல பள்ளம், ஓரம் வெட்டுற ரூட்டர் மிஷின மாட்டுற மேசை), டேபிள் சாவுக்கு (மேசை ரம்பத்துக்கு) பலகைய வச்சுத் தள்ள ஒரு ஸ்லெட், அப்புறம் ஒரே அளவுல வெட்ட உதவுற ஜிக் ரெண்டு மூணு செய்யணும். வெளிநாட்டு வீடியோவுல எல்லாம் எம்டிஓ (மீடியம் டென்சிட்டி ஓவர்லே), எச்டிஓ (ஹை டென்சிட்டி ஓவர்லே)ன்னு ஒரு ஓவர்லே பிளைவுட்ட வச்சு செய்யுறானுவ. இங்க கடையில கேட்டா முழிக்காங்க. ஒரு கடைக்காரர் மட்டும் "அது கான்கிரீட் போட அடியில கட்டுற நம்ம சென்ட்ரிங் ஷீட்டுதான் தம்பி, எடுத்துட்டுப் போங்க"ன்னார். நெசமா?

பதில்: அவர் சொன்னது பாதி சரி தம்பி, மீதி பாதியிலதான் காசு போறதாக்கும். சன்மைக்காவ திருப்பிப் பாத்துருப்பியே, பின்பக்கம் பிரவுன் கலர்ல சொரசொரன்னு இருக்கும்லா, அது கிராஃப்ட் பேப்பர பீனாலிக் ரெசின்ல முக்கி சூட்டுல வச்சு அமுக்கினது. ஓவர்லே பிளைவுட்டும் அதே சங்கதிதான், சாதா பிளைவுட் மேல அந்த ரெசின் பேப்பர வச்சு பிரஸ்ல சூடா ஒட்டிருப்பான், அவ்வளவுதான். பேப்பர்ல ரெசின் எவ்வளவு ஏறிருக்குங்கிறதுலதான் பேரு மாறுது. அமெரிக்காக்காரன் ஸ்டாண்டர்டுல எம்டிஓவுக்கு குறைஞ்சது 34 சதவீதம், எச்டிஓவுக்கு 45 சதவீதம். ரெசின் கம்மியா இருந்தா பேப்பர் பெயிண்ட்ட குடிக்கும், அதனால எம்டிஓவ அங்க ரோட்டோர போர்டுக்கும் பெயிண்ட் அடிக்கிற கபோர்டுக்கும் எடுப்பான். ரெசின் கூடினா மேல் பக்கம் வழுவழுன்னு ஆயிரும், பெயிண்ட் பிடிக்காது, பசை பிடிக்காது, கான்கிரீட்டும் பிடிக்காது, அந்த பிடிக்காத குணத்துக்காகத்தான் சென்ட்ரிங்குக்கே போறது. நம்ம ஊர்ல ஃபிலிம் ஃபேஸ்டுன்னு விக்கிற பிரவுன் ஷீட்டு, கறுப்பு ஷீட்டு எல்லாம் இந்த எச்டிஓ பக்கம் வரும். எம்டிஓவுக்கு நேரா நம்ம கடையில ஒண்ணும் கிடையாது, அத தேடி அலையாத.

அப்போ நீ கேட்ட மூணு வேலையில ஸ்லெட்டுக்கும் ஜிக்குக்கும் ஃபிலிம் ஃபேஸ்டு 12 எம்எம் தாராளமா எடு, அந்த வழுக்கல்தான் அங்க உனக்கு வேணும், மேல லேசா மெழுகு தேச்சு விட்டா இன்னும் சுகமா ஓடும். ரூட்டர் டேபிளுக்கு மட்டும் நான் எடுக்க மாட்டேன். காரணம், சென்ட்ரிங் ஷீட்ட செய்யுறவன் அத ஒரு மேசைன்னு நினைச்சு செய்யல, கான்கிரீட்ட தாங்கினா போதும்னு செய்யுறான், கனம் ஒரு மூலையில 12 இருக்கும் இன்னொரு மூலையில பதினொண்ணரை இருக்கும், நடுவுல லேசா வயிறு தள்ளிருக்கும். கடைக்குப் போகும்போது ஆறடி அலுமினிய சேனல் ஒண்ண கையோட கொண்டு போ, ஷீட்டு மேல குறுக்க வச்சு கீழ வெளிச்சம் தெரியுதான்னு குனிஞ்சு பாரு, கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பாக்கட்டும்.

என் கதையையும் சொல்லிருதேன். நாலஞ்சு வருசம் முந்தி நானும் ஒரு ஷீட்டு வாங்கிட்டு வந்தேன், எந்தக் கடைன்னு கேக்காத. மூஞ்சி என்ன ஒரு பளபளப்பு, ஆளு நின்னா நிழல் தெரியும். ரூட்டர் டேபிளுக்கு அளவு போட்டு அறுத்தேன், அறுத்த ஓரத்தப் பாத்தா நடு லேயர்ல ரெண்டு வெனியருக்கு (மெல்லிய மரத் தகட்டுக்கு) இடையில ஓட்டை, ஒரு தீக்குச்சிய உள்ள விட்டேன், தலை வரைக்கும் போயிட்டு. அதுக்கு நேர் மேலதான் டி-டிராக்குக்கு (கிளாம்ப் நகத்துற அலுமினியக் காடிக்கு) ஸ்க்ரூ வரணும், போட்டேன், சுத்திகிட்டே இருந்துச்சு, ஒரு பிடியும் இல்ல. அன்னைக்குத்தான் புத்தி வந்துது, ஓவர்லேங்கிறது ஒரு சட்டை, உள்ள ஆளு எப்படின்னு அது சொல்லாது.

அதனால கடையில ஷீட்டு மூஞ்சிய அப்புறம் பாரு, நாலு ஓரத்தையும் முதல்ல பாரு. ஓரத்துல கறுப்பு பெயிண்ட்ட அப்பி வச்சிருப்பான், அது தண்ணி ஏறாம இருக்கத்தான், ஆனா ஓட்டையும் அதுல மறைஞ்சு போகும், அதனால கடைக்காரர்ட்ட ஒரு வெட்டுத் துண்டு இருந்தா கேளு. அப்புறம் முட்டியால தட்டிகிட்டே போ, கணீர்னு வர்ற சத்தம் ஒரு எடத்துல பொத்துன்னு மாறினா உள்ள கேப்பு இருக்கு. வெயிட்டும் கேளு, இந்த ஷீட்ட 12 எம்எம் எட்டுக்கு நாலுல 28 கிலோ, 30 கிலோ, 32 கிலோன்னு கிலோ கணக்குலதான் பேசுவாங்க, வெயிட்டு கூடினா உள்ள கட்டி மரம்னு அர்த்தம், ஈரத்தாலயும் வெயிட்டு கூடும், மழைக்காலத்துல வெறும் கிலோவ மட்டும் நம்பாத. ஐஎஸ்ஐ முத்திரைக்குப் பக்கத்துல நம்பர பாரு, 4990ன்னா சென்ட்ரிங்குக்கு உள்ளது, 303ன்னா பொதுவான பிளைவுட், அதுல எம்ஆர் (ஈரம் தாங்குறது), பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்குறது)னு ரெண்டு உண்டு, 710ன்னா மரைன், அந்தப் பசைய 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டு சோதிப்பாங்க. முத்திரைக்குக் கீழ சிஎம்எல் நம்பர்னு லைசென்ஸ் நம்பர் ஒண்ணு இருக்கும், அத பிஐஎஸ் கேர் ஆப்புல அடிச்சா கம்பெனி பேரு வரணும், வரலன்னா வச்சிட்டு வந்துரு.

இன்னும் சந்தேகம் இருந்தா ரெண்டு இஞ்சு துண்டு ஒண்ண வாங்கிட்டு வந்து பழைய தகர டின்னுல தண்ணி ஊத்தி நாலு மணி நேரம் கொதிக்க விடு, சோத்துப் பானையில வச்சிராத, வீட்டுல அடி விழும். லேயர் லேயரா விட்டு வந்தா மேலதான் பீனாலிக், உள்ள மலிவான எம்ஆர் பசை. அப்படி ஷீட்டும் விக்குது.

ரூட்டர் டேபிளுக்கு என் வழி இதுதான், 18 எம்எம் பிடபிள்யூஆர் நல்ல பிளைவுட் எடுத்து மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் 1 எம்எம் சன்மைக்கா ஒட்டிரு. மேல மட்டும் ஒட்டி விட்டா கொஞ்ச நாள்ல பலகை ஒரு பக்கமா வளைஞ்சு தட்டு மாதிரி ஆகும், ஒரு பக்கம் ஈரம் குடிக்கும் மறுபக்கம் குடிக்காதுல்லா. பாக்கப் போனா நீயே உன் கையால செஞ்ச ஓவர்லே பிளைவுட்டாக்கும் அது. 18ன்னு வாங்குறது 17 சொச்சம்தான் இருக்கும், க்ரூவ் வெட்டுறதுக்கு முந்தி வெர்னியர் காலிப்பர் வச்சு அளந்து பாத்துக்க.

ஃபிலிம் ஷீட்டுல ஜிக் செய்யும்போது ஃபெவிகால்ல ஒட்டலாம்னு நினைக்காத, காலையில ஒட்டினத சாயங்காலம் நகத்தால உரிச்சு எடுத்துரலாம். ஒட்டுற எடத்துல ரூட்டரால ஃபிலிம சீவி மரத்தக் காட்டி அதுக்குள்ள ஒட்டு, மேல ஸ்க்ரூவும் போடு, பைலட் ஓட்டை போட்டுட்டுத்தான். அறுக்கும்போது டேபிள் சாவுல நல்ல பக்கம் மேல, கையில பிடிக்கிற சர்குலர் சாவுல நல்ல பக்கம் கீழ, பல்லு வர்ற திசை அப்படி. கோட்டு மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, பல்லு நிறைய உள்ள டிசிடி (கார்பைடு முனை வச்ச) பிளேடு, 10 இஞ்சுல 60, 80 பல்லு உள்ளது போட்டா ஓரம் பிசிறாது. அந்த பிரவுன் தூசி மூக்குல ஏறினா ரெண்டு நாளைக்குத் தொண்டை காந்தும், மாஸ்க் போடாம நிக்காத.

கேள்வி (குளச்சல், ஒரு கடைக்காரர்): அண்ணாச்சி, கடை போர்டு பிளைவுட்ல செஞ்சு பெயிண்ட் அடிச்சேன், ஆறே மாசத்துல ஓரம் உப்பி பெயிண்ட் செதில் செதிலா வருது. ஆசாரி இப்போ ஃபிலிம் ஷீட்டு போட்டா ஜென்மத்துக்கும் கேடு வராதுங்கார். போடவா?

பதில்: ஃபிலிம் ஷீட்டு மேல எழுதினா மழை வேண்டாம், காத்தே உரிச்சுட்டுப் போயிரும். 220 நம்பர் பேப்பர் போட்டு நல்லா தேச்சு, பளபளப்பு போன பிறவு எப்பாக்ஸி பிரைமர் அடிச்சா நிக்கும், ஆனா அந்தப் பாட்டுக்கு சாதா மரைன் பிளைவுட்டே மேல். உங்க போர்டு கெட்டது மூஞ்சியால இல்ல அண்ணாச்சி, ஓரத்தால. ஆனி ஆடியில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழை, மீதி மாசம் பூரா உப்புக் காத்து, நம்ம கடக்கரையில பிளைவுட் காயுற நாளே கம்மி. ஓரத்துல வெனியரோட நாரு வெட்டுப்பட்டு வாயத் தொறந்து கிடக்கும், தண்ணி அது வழியாத்தான் உள்ள போகும். 710 பிளைவுட் எடுங்க, ஓரத்த தேச்சு எப்பாக்ஸி ஒரு கோட்டு, காஞ்ச பிறவு இன்னொரு கோட்டு, பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே பிரைமரும் பெயிண்ட்டும், பின்பக்கத்த சும்மா விட்டதுதான் பாதிப் பேரு செய்யுற தப்பு. ஸ்க்ரூ போட்ட ஓட்டைக்குள்ளயும் ஒரு சொட்டு எப்பாக்ஸி விடணும். கறுப்பு ஸ்க்ரூ வேண்டாம், ஒரு மழைக்கே துரு ஒழுகி பெயிண்ட் மேல கோடு விழும், 316 ஸ்டெயின்லெஸ்னு கேட்டு வாங்குங்க, கடல் பக்கம் 304ம் கொஞ்சம் கொஞ்சமா கறை ஏறும். போர்ட சுவரோட ஒட்டி அடிக்காம நடுவுல அரை இஞ்சு கட்டை வச்சு அடிங்க, பின்னால காத்து போகட்டும்.

கேள்வி (குலசேகரம் பக்கம், தேனீ வளக்குற ஒரு அக்கா): ஃபிலிம் பிளைவுட்ல தேனீப் பெட்டி செஞ்சா மழைக்குத் தாங்கும்லா தம்பி?

பதில்: பெட்டி தாங்கும்க்கா, ஈ தாங்குமான்னு பாக்கணும். ராத்திரி ஈ விடுற மூச்சு ஈரம் ஃபிலிம்ல ஒட்டாம உள்பக்கமே துளித் துளியா நிக்கும், தேனடை பூசணம் பிடிக்கும். பெட்டி பழைய மாதிரி பலகையிலயே இருக்கட்டும். மேல் மூடிக்கு மட்டும் வெளிப்பக்கம் வர்ற மாதிரி ஒரு துண்டு ஃபிலிம் ஷீட்டு போட்டுக்கோங்க, ஓரத்துல பெயிண்ட் அடிச்சு. உங்க பக்கத்து ரப்பர் மரம் மலிவா கிடைக்குதேன்னு அதுல பெட்டி செய்யாதீங்க, மருந்து ஏத்தாத ரப்பர் பலகையில பொடி வண்டு சீக்கிரம் வந்துரும், பெட்டிக்குள்ள மருந்தடிக்கவும் முடியாது.

கேள்வி (தக்கலை): பில்டிங் வேலை முடிஞ்ச எடத்துல பழைய சென்ட்ரிங் ஷீட்டு பாதி விலைக்குத் தாறாங்க. பட்டறைக்கு எடுக்கலாமா?

பதில்: தரையில போட, அலமாரிக்குப் பின்பக்கம் அடிக்க எடுங்க. அறுக்கப் போறீங்கன்னா யோசிச்சுக்கோங்க. மேல ஒட்டின சிமெண்டுப் பாலு கல்லு மாதிரி, புது பிளேட்ட ஒரு ஷீட்டுல மொட்டையாக்கிரும், அதோட உள்ள ஆணி முறிஞ்சு கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. எடுத்தா முதல்ல ஒரு காந்தத்த ஷீட்டு பூரா ஓட்டிப் பாருங்க, ஓரம் நாலு பக்கமும் ரெண்டு இஞ்சு வெட்டிக் கழிச்சுப் போடுங்க, உப்பினது எல்லாம் அதுல போயிரும். அப்புறம் எட்டடிக்கு நாலடி ஷீட்டு ஏழடி எட்டு இஞ்சுக்கு மூணடி எட்டு இஞ்சுதான் உங்க கையில நிக்கும், பாதி விலைன்னு சொன்னாரே, அத இந்த அளவுக்குக் கணக்குப் போட்டுட்டு பேரம் பேசுங்க.