சாவியைத் திருப்பினால் 'டிக்' மட்டும்தான்!

கேள்வி: வீடு காசிமேட்டில். என் பழைய மாருதி 800-இல் சாவியைத் திருப்பினால் 'டிக்' சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றவே இல்லை. பேட்டரியை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுக் காசு செலவழிக்காதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது ஒயர் மாட்டும் முனையான டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. உங்கள் பக்கம் கடல் காற்று வேறு, டெர்மினல் சீக்கிரம் வெள்ளையாகப் பூத்துவிடும், அதனால் முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ் என்று கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, பிளஸை முதலில் மாட்டி இறுக்குங்கள். பாடியில் சேரும் எர்த் ஒயரையும் பாருங்கள், நிறைய பேர் அதை விட்டுவிடுகிறார்கள். பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். வெளிச்சம் குறையாமல் 'டிக்' மட்டும் வந்தால் இன்ஜினைச் சுற்றவைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரை மெக்கானிக்கிடம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குள் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.