புயல் மழையை நம்பிக் கவாத்தை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடம் பகுதியில், கடலை ஒட்டிய மணல் நிலத்தில் 60 சென்ட் குண்டுமல்லியும் 25 தென்னையும் வைத்திருக்கிறேன். இந்த ஐப்பசி பொய்த்துவிட்டது. கார்த்திகையும் முடியப் போகிறது. கிணற்று நீர் கரிக்கத் தொடங்கி, மல்லிகை இலைகளின் ஓரம் கருகுகிறது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகக்கூடும் என்கிறார்கள். அந்த மழை வரட்டும் என்று மல்லிகைக் கவாத்தையும் (கிளைகளை வெட்டிவிடுவதையும்) தென்னை உரத்தையும் தள்ளி வைத்துள்ளேன். ஒரு புயல் வந்தால் வறட்சி தீர்ந்துவிடுமா?

பதில்: ‘கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை’ என்ற பழமொழியை நம்பி நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல் மார்கழியில்தான் வந்தது. ஆனால் பருவத்தின் கடைசியில் வரும் புயல், நாம் எதிர்பார்க்கும் இடத்தில் மழையை இறக்கும் என்று சொல்வதற்கில்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்திலேயே நகராமல் நின்றபோது, மிகக் கனத்த மழை வடக்கே கொள்ளிடத்திலும் சிதம்பரத்திலும் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மாறாக, 2024 நவம்பர் 20 அன்று, பெயரிட்ட புயல் எதுவும் இல்லாமலேயே ராமேசுவரம் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை பெற்றது. பாம்பனில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு கடலுக்குப் போகிறவர்களுக்கானது. தோட்டத்து வேலைகளை அதைப் பார்த்து முடிவு செய்ய இயலாது.

வந்த மழை உங்கள் மணலில் எவ்வளவு தங்கும் என்பதே முதன்மையான கேள்வி. 10 செ.மீ. மழை பெய்தால் உங்கள் 60 சென்ட் நிலத்தில் ஏறத்தாழ 2,40,000 லிட்டர் நீர் விழுகிறது. கேட்பதற்குப் பெரிய கணக்குதான். எனினும், ஓரடி ஆழ மணல் வேருக்குப் பயன்படும் வகையில் சுமார் 2 செ.மீ. நீரை மட்டுமே பிடித்து வைக்கும். எஞ்சியது ஓரிரு நாளில் கீழே இறங்கிவிடும். ஆகவே, மழை நின்ற பத்தாம் நாள் மேல்மண் மறுபடியும் காய்ந்திருப்பதைக் கண்டு ஏமாற்றம் அடையாதீர்கள். கீழே இறங்கிய நீர் வீணாவதில்லை. நம் கடற்கரையில் நல்ல நீர், உவர்நீரைவிட எடை குறைந்தது என்பதால், அதன் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. கனமழை அந்தப் படலத்தைத் தடிக்கச் செய்கிறது. மண்ணில் தேங்கிய உப்பையும் வேர்ப்பகுதிக்குக் கீழே தள்ளுகிறது. புயல் மழையால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான ஆதாயம் இந்த இரண்டும்தான்.

மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டியது சிறுமழையில். செடியைச் சுற்றி நீங்கள் நீர் விடும் ஈரவட்டத்தின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். மணல் மீது வெண்மையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும் அந்தப் பொருக்கு, கரிக்கும் நீர் இத்தனை மாதமும் விட்டுச் சென்ற உப்பு. ஒன்றரை செ.மீ. அளவுக்கு மட்டும் ஒரு தூறல் விழுந்தால், அது உப்பைக் கரைத்து வேருக்கே கொண்டு சேர்த்துவிடும். வெளியேற்றும் அளவுக்கு அதற்கு வலு கிடையாது. அதனால், மழைதான் பெய்கிறதே என்று அன்று மோட்டாரை நிறுத்திவிடாமல், வழக்கமான நீரையும் சேர்த்து விடுங்கள். மண் நன்றாக நனைந்து நீர் கீழிறங்கும் அளவுக்குக் கனமழை பெய்த பிறகே பாசனத்தை நிறுத்த வேண்டும்.

கவாத்தை மழைக்காகத் தள்ளி வைத்தது சரியான முடிவு அல்ல. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுவது பரிந்துரை. இப்போதே இரண்டு வாரம் கடந்துவிட்டது. மேலும் தள்ளினால் பங்குனிப் பூவும் தள்ளிப்போகும். வெட்டிய செடியில் இலை குறைவு என்பதால் அது உறிஞ்சும் நீரும் குறையும், காற்றிலும் அலைக்கழியாது. நீர் பற்றாத ஆண்டில் கவாத்து செடிக்கு ஓய்வு தருகிறது என்றே நான் கருதுகிறேன். ஈரமில்லாத ஒரு நாளில் இவ்வாரமே வெட்டி முடியுங்கள்.

உரத்தைத் தாமதித்தது மட்டும் நல்லதாயிற்று. காய்க்கும் தென்னைக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்ற அளவில் பாதியை டிசம்பர்-ஜனவரியில் இட வேண்டும் என்பதால் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. கனமழைக்கு முன் மணலில் இட்ட யூரியாவும் பொட்டாஷும் நீரோடு இறங்கிப் போய்விடும். மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும்போது, தொழு உரத்துடன் சேர்த்து இரண்டு தவணையாக இடுங்கள். மழையே வராவிட்டால், ஜனவரியில் பாசனம் செய்த ஈரத்தில் இடலாம்.

தென்னையைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, அதில் 100 உரிமட்டைகளை (தேங்காய் உரித்த மட்டைகளை) குவிந்த பக்கம் மேலிருக்கும்படி பரப்பி வையுங்கள். உரிமட்டை கிடைக்காவிட்டால் தென்னை நார்க்கழிவை 10 செ.மீ. உயரத்துக்குப் போடலாம். முற்றிய குலைகளையும் காய்ந்த ஓலை மட்டைகளையும் புயலுக்கு முன்னதாகவே இறக்கிவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத் தோப்புகளை என்ன செய்தது என்பது உங்களுக்கும் தெரியும். கூரை நீரையும் சேமியுங்கள்; 500 சதுர அடி கூரையில் 10 செ.மீ. மழைக்கு 4,500 லிட்டர் வரை பிடிக்கலாம். பதியன் நாற்று வைத்திருந்தால் அதற்கு இந்த நீரைப் போல நல்ல நீர் வேறு இல்லை.

காற்று மட்டும் பலமாக அடித்து மழை ஏமாற்றினால், கடல் துளிகள் இலையில் உப்பாகக் காயும். அதே கூரைநீரையோ, கரிக்காத வேறு நீரையோ மறுநாள் காலையில் இலைகள் மீது தெளித்துக் கழுவிவிடுங்கள். மழை பெய்தாலும் கிணற்றை உடனே இறைத்து வற்றச் செய்ய வேண்டாம். ஃபுட்வால்வை (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வை) மேலே உயர்த்திக் கட்டி, அரைமணி நேரம் ஓட்டி, ஊற விட்டு மீண்டும் ஓட்டுங்கள். ஆழத்திலிருந்து தொடர்ந்து இழுத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும். மழை நின்று ஒரு வாரம் கழித்து, மேல்மட்ட நீரை ஒரு பாட்டிலிலும் இறைத்து வந்த நீரை மற்றொன்றிலும் எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவைப் பார்த்து எழுதுங்கள். கோடைக்கு எத்தனை செடிகளைக் காப்பாற்ற இயலும் என்பதை அந்த இரண்டு எண்களைப் பார்த்த பின் சொல்கிறேன்.