ரிக் கட்டியாச்சு, குறிப்பு எழுதியாச்சா? (கேள்வி பதில்)

அனிமேஷன் பாத்திரங்களுக்கு ரிக் (உடலை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூடும் அதன் கண்ட்ரோல்களும்) கட்டுகிறவர்களும், கட்டிய ரிக்கை அசைக்கிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. எல்லாமே ரிக்குக்கு டாக்குமென்ட் எழுதுவதைப் பற்றியவை. பதில்கள் பெரும்பாலும் ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளை வைத்து. இன்னொரு மென்பொருளான மாயாவில் மாறுகிற இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நாளைக்கு ரிக்கை அனிமேஷன் டீமுக்குக் கொடுக்கணும். டாக்குமென்ட் ஒரு வரிகூட எழுதலை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பக்கத்தைத் திறக்காதீங்க, ரிக்கைத் திறங்க. ஷாட் நடுவில் இருக்கும் அனிமேட்டர் பிடிஎஃப் தேடிப் போகமாட்டார். ஸ்லைடர் மேல் மவுஸை வைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். அதனால் முதல் டாக்குமென்ட் அந்த டூல்டிப். கஸ்டம் ப்ராபர்ட்டிக்குப் (ரிக்கர் தானே சேர்த்த ஸ்லைடர்) பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தினால் மினிமம், மேக்ஸிமம், டீஃபால்ட், டிஸ்கிரிப்ஷன் வரும். நான்கையும் நிரப்புங்க. டிஸ்கிரிப்ஷனில் 'கைக்கான ஸ்விட்ச்' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. '0 = ஐகே, 1 = எஃப்கே' என்று எழுதணும். (ஐகே என்றால் கை நுனியை நகர்த்த முழுக் கையும் பின்தொடரும். எஃப்கே என்றால் தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டாகச் சுழற்றணும்.)

இது ஏன் முக்கியம் தெரியுமா? ப்ளெண்டரின் ரிக் கட்டும் ஆட்-ஆனான ரிகிஃபை தரும் ரிக்கில் 0 என்றால் ஐகே, 1 என்றால் எஃப்கே. மாயாவின் ஐகே ஹேண்டிலில் உள்ள 'ஐகே ப்ளெண்ட்' நேர் எதிர், 1தான் ஐகே. இரண்டிலும் வேலை செய்கிறவருக்குத் தலை சுற்றும்.

அடுத்தது பூட்டு. முழங்கை வளையும் ஒரே அச்சைத் தவிர மற்ற சுழற்சிகளைப் பூட்டிவிட்டால், 'இதைச் சுழற்றாதீர்கள்' என்று எழுதவே வேண்டாம். மாயாவில் பூட்டியதைச் சேனல் பாக்ஸிலிருந்து மறைத்தும் விடுங்க.

மிச்சம் ஒரு பக்கம் போதும். எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கலெக்‌ஷனை (பொருள்களின் தொகுப்பு) லிங்க் செய்யணும் (நகலெடுக்காமல் ஷாட் கோப்போடு இணைப்பது), எந்த ப்ளெண்டர் வெர்ஷனில் சோதித்தது, எந்த அசைவுக்கு மேல் மெஷ் (பாத்திரத்தின் மேற்பரப்பு) உடையும், தெரிந்தே விட்ட பிழைகள் என்னென்ன. நாளைக்குக் கொடுக்கணும் என்றால் இந்த நான்கை எழுதிவிட்டுத் தூங்கப் போங்க.

கேள்வி: ஒரு கண்ட்ரோலுக்கான குறிப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம்? மாதிரி ஒன்று காட்ட முடியுமா மேடம்?

பாதத்தை எடுத்துக்கொள்வோம். ஃபுட் ரோல் (பாதம் குதிகாலிலிருந்து விரலுக்கு உருளும் அசைவு) உள்ள ஒரு ரிக்குக்கு இப்படி எழுதலாம் ('கீ செய்வது' என்றால் ஒரு ஃபிரேமில் மதிப்பைப் பதிவது):

*இடது பாதம், ஐகே. ரோல் −30 முதல் 90 வரை. மைனஸில் குதிகால் ஊன்றி முன்பாதம் எழும்பும். 0 முதல் 45 வரை குதிகால் எழும்பும், பாதம் விரல்களின் அடியில் மடியும். 45க்கு மேல் மடிப்பு நிமிர்ந்து பாதம் நுனிவிரலில் நிற்கும். திரும்பும் இடம் 45 என்பதை 'பெண்ட் லிமிட்'டில் மாற்றலாம். ரோலை கீ செய்த ஃபிரேமில் கண்ட்ரோலின் எக்ஸ் சுழற்சியையும் கீ செய்யாதீர்கள். அது கணுக்காலைச் சுற்றித் திரும்புவது, இரண்டும் கூடி விரல் தரைக்குள் இறங்கும்.*

இவ்வளவுதான். எந்த எண்ணில் என்ன நடக்கும், எதோடு எது மோதும். 'இந்தக் கண்ட்ரோல் பாதத்தை அசைக்கும்' என்று எழுத வேண்டாம், அது பார்த்தாலே தெரியும்.

கேள்வி: கையின் பேரன்ட் ஸ்விட்ச்சில் (கை எதைப் பின்தொடரணும் என்று மாற்றுவது) ரூட், இடுப்பு, மார்பு என்று மூன்று இருந்தது. தலையையும் சேர்த்தேன். பழைய ஷாட்டுகளில் கை எங்கெங்கோ பறக்குது. டாக்குமென்ட்டில் 'தலை சேர்க்கப்பட்டது' என்று எழுதியும் இருந்தேன்.

எங்கே சேர்த்தீங்க என்பதுதான் கேள்வி. இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் செருகியிருப்பீங்க. ஸ்விட்ச்சில் கீ ஆவது பெயர் இல்லை, எண். ரூட் 0, இடுப்பு 1, மார்பு 2 என்று இருந்ததில் தலை 2 ஆகி, மார்பு 3 ஆகிவிட்டது. பழைய ஷாட்டில் 2 என்று கீ போட்டு மார்போடு ஒட்டியிருந்த கை இப்போது தலையோடு போகும். மாயாவின் எனம் (பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்வது) அட்ரிப்யூட்டிலும் இதே கதைதான்.

புதியதை எப்போதும் கடைசியில் சேருங்க. ஒன்றை நீக்கணும் என்றாலும் இடத்தை மூடாதீங்க. பெயரை 'பயன்படுத்தாதே' என்று மாற்றி அப்படியே விட்டுவிடுங்க. டாக்குமென்ட்டில் பட்டியலை எண்ணோடு எழுதி, அதன் கீழே 'வரிசை மாறாது' என்று ஒரு வரி போடுங்க. அந்த வரி அனிமேட்டருக்கு இல்லை, ஆறு மாதம் கழித்து ரிக்கைத் திறக்கப்போகும் அடுத்த ரிக்கருக்கு.

கேள்வி: எலும்பின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினேன். ரிக் கோப்பில் எல்லாம் சரியாக ஓடுது. ஷாட்டில் மட்டும் அந்தக் கை அசையவே இல்லை. ஏன்?

பெயர் மாற்றும்போது ப்ளெண்டர் அந்தக் கோப்புக்குள் இருக்கும் ஆக்‌ஷன்களைத் (பதிவான அசைவுகளைத்) தானே திருத்திவிடும். வேறு கோப்பில் இருக்கும் ஷாட்டுக்கு அது தெரியாது. அங்கே உள்ள எஃப்-கர்வ் (ஒரு மதிப்பு மாறும் விதத்தைக் காட்டும் கோடு) இன்னும் பழைய பெயரையே தேடும். கிராஃப் எடிட்டரில் அந்தச் சேனல்களின் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும், பாருங்க. மாயாவில் இதே தவறு ரெஃபரன்ஸ் எடிட்டரில், 'லிஸ்ட் ரெஃபரன்ஸ் எடிட்ஸ்' பட்டியலில், தோற்றுப்போன எடிட்டாகத் தெரியும்.

ஒரு ஷாட்டாவது தொடங்கிவிட்டால் பிழையான பெயரே சரியான பெயர். மாற்றியே ஆகணும் என்றால் சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியல்) 'பழைய பெயர் → புதிய பெயர்' என்று எழுத்து பிசகாமல் எழுதி, கர்வின் பாதையில் அதை மாற்றும் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட்டையும் கூடவே வையுங்க.

சுழற்சி மோடும் இந்த ரகம்தான். ப்ளெண்டரில் போஸ் எலும்புக்கு டீஃபால்ட் குவாட்டர்னியன் (சுழற்சியை நான்கு எண்களில் வைப்பது). ஆய்லருக்கு (மூன்று அச்சின் கோணங்களில் வைப்பது) மாற்றினால் குவாட்டர்னியன் கீகள் அழியாது, ஆனால் யாரும் அவற்றைப் படிக்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு முக்கிய கண்ட்ரோலுக்கும் சுழற்சி மோடை எழுதி வையுங்க. எக்ஸ்ஒய்இசட் ஆய்லரில் நடு அச்சான ஒய் 90 டிகிரியை நெருங்கினால் மற்ற இரண்டு அச்சும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும், கிம்பல் லாக். தோளுக்கு எந்த வரிசை, ஏன் என்று ஒரு வரி இருந்தால், பிறகு வருகிறவர் 'சரிசெய்கிறேன்' என்று கை வைக்கமாட்டார்.

கேள்வி: பழைய டாக்குமென்ட்டில் 'லேயர் 3-ஐ ஆன் செய்யவும்' என்று இருக்கு. ப்ளெண்டர் 4.2-ல் லேயரே காணோமே?

2023 நவம்பரில் வந்த 4.0-ல் 32 எலும்பு லேயர்களையும் போன் குரூப்பையும் எடுத்துவிட்டு, போன் கலெக்‌ஷன் (பெயர் வைக்கக்கூடிய எலும்புத் தொகுப்பு) கொண்டுவந்தார்கள். 4.1-லிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகவும் அடுக்கலாம். பழைய கோப்பைத் திறந்தால் லேயர்கள் தாமாகவே கலெக்‌ஷனாக மாறும், பொருத்தமான பெயரை நீங்கள்தான் வைக்கணும். 'முகம் – அடிப்படை', 'முகம் – நுணுக்கம்' என்று பெயர் வைத்துவிட்டால் டாக்குமென்ட்டில் அந்தப் பகுதியே தேவைப்படாது.

கேள்வி: தமிழ் வசனத்துக்கு லிப் சிங்க் செய்கிறோம். ரிக்கில் வாய் வடிவங்கள் ஆங்கில எழுத்துப் பெயரில் இருக்கு. இதற்கு எப்படிக் குறிப்பு எழுதுவது?

நல்ல கேள்வி, இதை யாரும் எழுதி வைப்பதே இல்லை. வடிவத்தின் பெயரை மாற்ற வேண்டாம், மேலே சொன்ன வம்பு வரும். தமிழ் ஒலி ஒரு பக்கம், ரிக்கின் வடிவம் மறுபக்கம் என்று ஒரு அட்டவணை போடுங்க. ப, ம இரண்டுக்கும் மூடிய உதடு. வ-வுக்குக் கீழுதடு மேற்பல்லை நெருங்கும், ஆங்கில எஃப் அளவுக்கு அழுத்தாது. எஃப் வடிவத்தை 0.5 அளவில் தொடங்கிப் பார்க்கலாம். ழ, ள, ட போன்றவற்றுக்கு நாக்குதான் மடிகிறது, உதட்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது, பக்கத்து உயிரொலியின் வடிவத்தையே தொடரலாம்.

அட்டவணையில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று குற்றியலுகரம். 'பாட்டு', 'வீடு', 'காசு' என்ற சொற்களின் கடைசி உகரத்துக்கு உதடு குவியாது. 'பசு' என்பதில் குவியும். வசனத்தை எழுத்தாகப் பார்த்து கீ போடுகிறவர், முடிவில் 'உ' தெரிந்தாலே குவிந்த வடிவத்தை வைத்துவிடுவார். விளைவு, பாத்திரம் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் முத்தம் கொடுப்பது போல இருக்கும். 'சொல் முடிவில் உகரமா? தனிக்குறிலை அடுத்து வல்லினத்தோடு வந்தால் (பசு, நடு) குவி. தனிக்குறில் தவிர மற்றவற்றை அடுத்து வல்லினத்தோடு வந்தால் உதட்டைத் தளர்வாக விடு' என்று ஒரு வரி எழுதுங்க. பள்ளி இலக்கணம் இங்கேதான் சம்பளம் தருகிறது!

இரட்டிப்பையும் சேருங்க. 'அப்பா', 'அம்மா' என்பதில் உதடு மூடியபடி நிற்கும் நேரம் 'அபாயம்' என்பதைவிட அதிகம். ஒலியின் அலைவடிவத்தைப் பார்த்து அந்த ஃபிரேம்கள் முழுவதும் மூடியே வைக்கணும் என்று குறிப்பிடுங்க.

கேள்வி: கரெக்டிவ் ஷேப் கீ (மூட்டு மடியும்போது மெஷ்ஷைச் சரிசெய்யும் வடிவம்) இருபதுக்கு மேல் இருக்கு. எல்லாவற்றையும் எழுதணுமா?

அனிமேட்டருக்கு ஒன்றும் எழுத வேண்டாம், அவை தானாக ஓடுபவை. ரிக்கருக்கு எல்லாவற்றையும் எழுதணும். ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரம்: ஷேப்பின் பெயர், அதை ஓட்டும் எலும்பும் அச்சும், எந்தக் கோணத்தில் மதிப்பு 1 ஆகிறது. கோணத்தை டிகிரி, ரேடியன் இரண்டிலும் எழுதுங்க. டிரைவருக்குள் (எலும்பின் அசைவை ஷேப்பின் மதிப்பாக்கும் சூத்திரம்) சுழற்சி ரேடியனில் வரும், 90 டிகிரி என்பது 1.5708. முழங்கை 90-ல் மடிப்பு சரியில்லை என்று யாராவது டிரைவரைத் திறந்து 90 என்று எழுதிவிட்டால், அந்த ஷேப் எழும்பவே எழும்பாது.

கூடவே ஒரு எச்சரிக்கை: மெஷ்ஷில் வெர்டெக்ஸ் (மூலைப்புள்ளி) வரிசை மாறினால் எல்லா ஷேப்பும் கந்தல். மாடலர் படிக்கும் இடத்தில் இதைப் போடுங்க, ரிக் டாக்குமென்ட்டின் கடைசிப் பக்கத்தில் இல்லை.

கேள்வி: கண்ட்ரோல் பட்டியலை ஸ்கிரிப்ட்டிலேயே எடுத்துவிட்டால் என்ன?

தாராளமாக. போஸ் எலும்புகளைச் சுற்றி வந்து பெயர், கலெக்‌ஷன், சுழற்சி மோடு, பூட்டுகள், கஸ்டம் ப்ராபர்ட்டியின் எல்லைகள், கன்ஸ்ட்ரெயின்ட் (எலும்பின் அசைவைக் கட்டுப்படுத்தும் விதி) வகை எல்லாவற்றையும் சிஎஸ்வி-யில் (எளிய அட்டவணைக் கோப்பு) கொட்டலாம். ரிகிஃபை ரிக் என்றால் 'டிஇஎஃப்', 'எம்சிஹெச்', 'ஓஆர்ஜி' முன்னொட்டு உள்ள உள்வேலை எலும்புகளைக் கழித்துவிடுங்க. இல்லையென்றால் அனிமேட்டர் தொடவே கூடாத நூற்றுக்கணக்கான எலும்புகள் பட்டியலில் நிற்கும்.

இதன் உண்மையான பயன் ஒப்பிடுவதுதான். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு சிஎஸ்வி எடுத்து, பழையதோடு டிஃப் (வேறுபாடு) பாருங்க. நீங்கள் மறந்துபோன பெயர் மாற்றம், தவறுதலாகத் திறந்துவிட்ட பூட்டு எல்லாம் அகப்படும். சேஞ்ச்லாக் பாதி தானாகவே எழுதிக்கொள்ளும். ஏன் அப்படிச் செய்தோம் என்பதை மட்டும் எந்த ஸ்கிரிப்ட்டும் சொல்லாது.

கேள்வி: ரிக் கோப்பின் டெக்ஸ்ட் எடிட்டரில் குறிப்பு எழுதி வைத்தேன். ஷாட்டில் லிங்க் செய்தால் அது வருவதில்லை. ரிக் பேனலும் (ரிக்கின் ஸ்லைடர்கள், பொத்தான்கள் உள்ள பலகை) சில கணினிகளில் வருவதில்லை.

இரண்டும் வேறு வேறு. கலெக்‌ஷனை லிங்க் செய்தால், அதிலிருந்து சுட்டப்படுபவை மட்டும் கூட வரும். உங்கள் குறிப்பை எதுவும் சுட்டவில்லை. ரிக் ஆப்ஜெக்ட்டில் டேட்டா-ப்ளாக் வகை (கோப்பில் உள்ள வேறொன்றைச் சுட்டும்) கஸ்டம் ப்ராபர்ட்டி ஒன்று வைத்து அந்த டெக்ஸ்ட்டைக் காட்டிவிடுங்க, வந்துவிடும்.

பேனல் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். அது வராததற்குக் காரணம் ப்ரிஃபரன்ஸில் பைத்தான் ஸ்கிரிப்ட் தானாக ஓடும் வசதி அணைந்திருப்பது. டீஃபால்ட்டே அப்படித்தான், பாதுகாப்புக்காக. ஸ்கிரிப்ட்டில் 'ரெஜிஸ்டர்' டிக் இருக்கிறதா என்றும் பாருங்க. இந்த நிலையில் சிக்கலான டிரைவர்களும் ஓடாது, கூட்டல் கழித்தல் போன்ற எளியவை ஓடும். 'ரிக் பாதி வேலை செய்யுது' என்ற புகார் வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். டாக்குமென்ட்டின் முதல் வரியாகவே போடலாம்.

கேள்வி: வீடியோவா, படமா?

படம் இரண்டு: முன்புறம், பக்கவாட்டு, கண்ட்ரோல்களுக்கு எண் போட்டு. வீடியோ என்றால் ஒரு பகுதிக்கு அரை நிமிடம். அரைமணி நேர வீடியோவில் தாடை எங்கே வருகிறது என்று யாரும் தேடமாட்டார்கள். ஒரு கண்ட்ரோல் மாறினால் முழுவதையும் மறுபடி எடுக்கவும் வேண்டிவரும்.

கேள்வி: தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா?

கண்ட்ரோல் பெயர் ஆங்கிலத்தில், திரையில் உள்ளபடி, புள்ளியும் அடிக்கோடும் உட்பட. விளக்கம் டீமில் பேசும் மொழியில்.

கேள்வி: மொபைல் கேமுக்கு எஃப்பிஎக்ஸ் (3டி மாடலை வேறு மென்பொருளுக்கு அனுப்பும் கோப்பு) கொடுக்கிறோம். கேம் டீமுக்கு என்ன எழுதுவது?

அவர்களுக்குக் கண்ட்ரோல் எதுவும் வேண்டாம், தனி அரைப்பக்கம் போதும். டிஃபார்ம் எலும்புகளின் (மெஷ்ஷை நேரடியாக அசைப்பவை) எண்ணிக்கை, ரூட்டின் பெயர், ஒரு வெர்டெக்ஸுக்கு அதிகபட்சம் எத்தனை எலும்பு வெயிட் (அந்த எலும்பு அதை எவ்வளவு இழுக்கும் என்ற அளவு) என்பவை. கேம் எஞ்சினான யூனிட்டியின் வழக்கமான அமைப்பு 4. ஐந்தாவது இருந்தால் அது விழுந்து தோள் நசுங்கும், ப்ளெண்டரில் 'லிமிட் டோட்டல்' (இந்த எண்ணிக்கையைக் குறைக்கும் கட்டளை) ஓட்டி அனுப்புங்க.

ஏற்றுமதி அமைப்பையும் எழுதுங்க: 'ஒன்லி டிஃபார்ம் போன்ஸ்' ஆன், 'ஆட் லீஃப் போன்ஸ்' ஆஃப். லீஃப் டீஃபால்ட்டாக ஆனில் இருக்கும். விட்டுவிட்டால் ஒவ்வொரு விரல் நுனியிலும் வால் மாதிரி ஒரு எலும்பு கூடுதலாக முளைத்து, எண்ணிக்கை நீங்கள் எழுதியதோடு ஒத்துப்போகாது. அளவையும் குறிப்பிடுங்க. ப்ளெண்டரில் மீட்டர், மாயாவில் சென்டிமீட்டர். பாத்திரம் நூறு மடங்கு பெரிதாக, அல்லது எறும்பு அளவில் வந்து நின்றால், அங்கே போய்ப் பாருங்க.