கப்பல் அறையில் மூட்டைப்பூச்சி, கவுன்டரில் அலட்சியம்: கேள்வி பதில்

உல்லாசக் கப்பல்களில் முதலில் ஹவுஸ்கீப்பிங், பிறகு பொதுச் சுகாதாரப் பிரிவு என்று பல வருடம் வேலை பார்த்தவன் நான். பூச்சித் தொல்லை, அறைச் சேவை, புகார் கொடுக்கும் முறை பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விசா, டிக்கெட் விலை எல்லாம் என் துறை அல்ல. ஆரம்பிக்கும் முன் ஒன்று மட்டும்: அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். குளியலறைத் தரையில் வையுங்கள்.

ஹூஸ்டன் வாசகி: ஏழு இரவு கரீபியன் பயணம். மூன்றாம் நாள் காலையில் மகளின் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்பு. அவள் மேல் கட்டிலில் படுத்தவள். கவுன்டரில் சொன்னால் "கொசுவாக இருக்கும்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். இது மூட்டைப்பூச்சிதானா, எப்படி நிரூபிப்பது?

தடிப்பை வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, மருத்துவராலும் முடியாது. சிலருக்குக் கடித்த மறுநாளே தடிக்கும், சிலருக்குப் பல நாள் கழித்து, சிலருக்குத் தடிக்கவே தடிக்காது. ஒரே கட்டிலில் படுத்த கணவருக்கு ஒன்றுமில்லை, மனைவிக்கு உடம்பெல்லாம் அரிப்பு என்பது சர்வசாதாரணம். அதனால் உடம்பைக் காட்டி வாதாடாதீர்கள். கட்டிலைக் காட்டுங்கள்.

மேல் கட்டில் என்று சொன்னது முக்கியமான தகவல். சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கும் அந்தக் கட்டில், குடும்பமாக வருபவர்கள் இருக்கும்போது மட்டும்தான் திறக்கப்படும். மற்ற நாட்களில் மெத்தையோடு மடங்கிக் கிடக்கும். யாரும் பார்க்காத இருட்டு மடிப்பு, மூட்டைப்பூச்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. போன் டார்ச்சை அடித்துக்கொண்டு முதலில் கீலைப் பாருங்கள், ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். பிறகு விரிப்பை உருவிவிட்டு, மெத்தையின் விளிம்பில் ஓடும் தையல் பட்டையை ஒரு பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் மெதுவாக நிமிண்டிக்கொண்டே போங்கள். பேனா மையைத் தொட்டு வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் கொத்தாகத் தெரியும். ஈரமான டிஷ்யூவால் தேய்த்தால் பழுப்புச் சிவப்பாக இழுபடும். அது செரித்த ரத்தம். வெறும் அழுக்கு அந்த நிறத்தில் இழுபடாது. பக்கத்திலேயே வெளிறிய மஞ்சளில் உரித்த தோல் கிடக்கும். வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டர் இருக்கும், தட்டையாக, செம்பழுப்பில். கீழ்க் கட்டிலின் தலைமாட்டுப் பலகை, சோபா கட்டில் மடியும் மூட்டு, இரண்டையும் இதேபோல் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்தால் நசுக்காதீர்கள். செலோடேப்பில் ஒட்டி ஒரு காகிதத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அந்த இரவே கவுன்டருக்குப் போய், எழுத்தில் புகார் பதியச் சொல்லுங்கள். அறை எண், நேரம், பதிந்தவர் பெயர் மூன்றும் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். "காலையில் பார்க்கலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பணியில் இருக்கும் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளரை அறைக்கே வரச் சொல்லுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. மூட்டைப்பூச்சி என்று உறுதியானால் அறையை மாற்றித் தருவதும், துணி முழுவதையும் சூட்டில் துவைத்து உலர்த்தித் தருவதும் கப்பலின் பொறுப்பு. புது அறைக்குப் போகும்போது எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். கட்டாமல் போனால் பூச்சியும் கூடவே வரும்.

சிங்கப்பூர் வாசகர்: குளியலறையில் ஒரே ஒரு குட்டிக் கரப்பான். ஊரில் பார்ப்பதைவிடச் சின்னது. ஒன்றுதானே என்று விட்டுவிடலாமா?

தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருந்ததா? இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். வளர்ந்தாலே ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஊரில் சாக்கடையிலிருந்து வரும் பெரிய கரப்பான் வேறு இனம், அது வழி தவறி உள்ளே வரும். இது அப்படியல்ல, மனிதர் இருக்கும் கட்டிடத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துவது. ஒரு முட்டைக் கூட்டில் 30, 40 முட்டை. பொரியும் தறுவாய் வரைக்கும் தாய் அதை வயிற்றிலேயே ஒட்டிச் சுமந்து திரியும், அதனால்தான் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது.

கப்பலுக்குள் இது வரும் பிரதான வழி அட்டைப்பெட்டி. பெட்டியின் நெளிநெளி அட்டைக்குள் முட்டையோடு ஒளிந்து வரும். பொறுப்பான கப்பலில் சரக்கு ஏறும்போதே காய்கறியையும் முட்டையையும் பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றி, அட்டையை உடனே வெளியேற்றிவிடுவார்கள். நேரம் இல்லை என்று அந்த ஒரு வேலையை விட்ட கப்பலில், சில வாரத்தில் சமையலறை எஃகுத் தகடுகளுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் அடி, குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார், காபி மெஷினுக்குப் பின்புறம்: சூடும் ஈரமும் சேர்ந்த இடம் எல்லாம் அதன் வீடு. அங்கிருந்து கேபிளும் குழாயும் போகும் வழியாக அறைகளுக்கு வரும். எனவே விடாதீர்கள், சொல்லுங்கள். ஜெல் மருந்து வைத்து, ஒட்டுப்பொறி போட்டுக் கண்காணிக்க வேண்டிய விஷயம் இது. உங்கள் ஒரு புகார் அந்தப் பதிவேட்டில் ஏறினால்தான் எந்தத் தளத்தில் பரவுகிறது என்று அவர்களுக்கே தெரியும்.

மதுரை வாசகர்: கப்பல் என்றாலே எலி இருக்குமாமே?

பயணிகள் கப்பலில் இப்போது அபூர்வம். கப்பலைக் கட்டும் கயிற்றில் வட்டத் தகடு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், எலி ஏறாமல் இருக்கத்தான். எலி ஒழிப்புச் சான்றிதழ் என்று முன்பு தனியாக ஒன்று இருந்தது. சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகள் 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்தபிறகு அதற்குப் பதில் கப்பல் சுகாதாரச் சான்றிதழ். எலி மட்டுமல்ல, எல்லாவகை நோய்பரப்பிகளையும் பார்ப்பார்கள். ஆறு மாதம் செல்லும். இந்தியாவில் துறைமுக சுகாதார அமைப்பு அதை வழங்குகிறது.

நியூ ஜெர்சி வாசகர்: நாங்கள் போகவிருக்கும் கப்பல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் சுகாதாரச் சோதனையில் 98 வாங்கியிருக்கிறது. அப்போது பூச்சி இருக்காது அல்லவா?

அந்த மதிப்பெண்ணை நான் மதிக்கிறேன். 1970களில் தொடங்கிய திட்டம் அது. வெளிநாட்டுத் துறைமுகம் போய் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும், 13 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பல்களில் முன்னறிவிப்பு இல்லாமல் ஏறுவார்கள். தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், தகட்டைக் கழற்றச் சொல்வார்கள். 100க்கு 86 எடுத்தால் தேர்ச்சி, 85 என்றால் தோல்வி.

ஆனால் அந்தச் சோதனையின் கவனம் பெரும்பாலும் வயிற்றுப்போக்கு பரவாமல் தடுப்பதில். குடிநீர், நீச்சல்குளம், சமையலறை, உணவு வெப்பநிலை, இதெல்லாம்தான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். உங்கள் அறை மெத்தையின் தையலை யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 98 வாங்கிய கப்பலிலும் போன வாரம் யாரோ பெட்டியில் கொண்டுவந்த மூட்டைப்பூச்சி இருக்கலாம். அதனால் எண்ணோடு நிறுத்தாமல் அறிக்கையைத் திறந்து படியுங்கள், இணையத்தில் எல்லோரும் பார்க்கலாம். மதுக்கூட வடிகாலில் சிறு ஈக்கள், பாத்திரம் கழுவும் இடத்தில் கரப்பான் குஞ்சு என்று இடம் சொல்லி எழுதியிருப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு அறிக்கையிலும் அதே குறை இருந்தால் அந்தக் கப்பலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் வராது.

டொரன்டோ வாசகர்: எங்கள் அறையில் மூட்டைப்பூச்சி. கோபத்தில் தினசரி டிப்ஸ் முழுவதையும் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். சரிதானே?

சரியில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் என்று கணக்கில் சேரும் அந்தத் தொகை அறைப் பணியாளர், உணவு பரிமாறுபவர், உங்கள் கண்ணில் படாத லாண்டரிக்காரர் எல்லோருக்கும் பிரியும். பூச்சியைக் கொண்டுவந்தது அவர்களில் ஒருவரும் இல்லை. உங்களுக்கு முன் தங்கிய பயணி.

மறுபடி டொரன்டோ வாசகர்: கட்டிலைச் சுத்தம் செய்பவருக்குத் தெரியாமலா இருக்கும்? பார்க்காமல் விட்டது அவர் தவறுதானே?

கோலாலம்பூர் வாசகி: நானும் அதையேதான் கேட்கிறேன். சேவை மோசம் என்றால் டிப்ஸ் எதற்கு? சம்பளம் கொடுக்க வேண்டியது நிறுவனம், நாம் அல்ல.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், இதில் எனக்குத் திடமான கருத்து உண்டு.

பயணிகள் மாறும் நாளை நினைத்துப் பாருங்கள். பழையவர்கள் காலை ஒன்பது, பத்து வரைக்கும் இறங்குவார்கள். நண்பகலுக்கெல்லாம் புதியவர்கள் ஏறத் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் கையில் பதினைந்து, இருபது அறை. ஒவ்வொன்றிலும் விரிப்பு மாற்றி, கழிவறை தேய்த்து, துண்டு அடுக்கி, கம்பளம் உறிஞ்சி முடிக்க வேண்டும். அறைக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்த நிமிடத்தில் தலைமாட்டுப் பலகையைக் கழற்றிப் பார் என்றால் எப்படிப் பார்ப்பார்? ஆறிலிருந்து ஒன்பது மாத ஒப்பந்தம், அதில் முழு விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. 2006ல் உருவாகி 2013ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்கிறது. அந்த 10 மணியும் ஒரேயடியாகக் கிடைப்பதில்லை, இரண்டாகப் பிரிப்பது அனுமதிக்கப்பட்டதுதான். பெருந்தொற்றுக்குப் பிறகு பல நிறுவனங்கள் இரு வேளைச் சுத்தத்தை ஒரு வேளையாகக் குறைத்துவிட்டு, ஒருவருக்கு அறைகளைக் கூட்டிக்கொடுத்தன. நீங்கள் சேவை குறைந்துவிட்டது என்று உணர்வது உண்மை. குறைத்தது மேலே உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள்.

சம்பளம் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்பதில் கோலாலம்பூர் அம்மாவோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் டிப்ஸை எடுத்தால் நிறுவனத்துக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. நஷ்டம் அந்தப் பணியாளருக்கு. நிறுவனத்துக்கு வலிக்க வேண்டுமென்றால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள்.

லண்டன் வாசகர்: ஐயா சொல்வது சரி. ஆனால் எங்கள் அறைப் பணியாளரே "மேலே சொல்லாதீர்கள்" என்று கெஞ்சினார். அதற்கு என்ன செய்வது?

பயத்தில் கேட்டிருப்பார். ஆனாலும் சொல்லுங்கள், பக்கத்து அறைக் குழந்தைக்காகவாவது. புகாரில் "பணியாளர் நல்லபடி நடந்துகொண்டார், குறை அறையில்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த வரி அவருக்கு உண்மையிலேயே உதவும். இந்தப் பேச்சை இத்தோடு முடித்துக்கொள்வோம், கேள்விகள் நிறைய காத்திருக்கின்றன.

துபாய் வாசகர்: வீட்டுக்கு வந்தபிறகு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த பயணத்தில் தள்ளுபடி என்று பதில். முழுப் பணம் வாங்க முடியுமா?

கப்பலில் இருக்கும்போதே எழுத்தில் பதிந்தீர்களா? பதியாவிட்டால் தள்ளுபடியே பெரிது. பதிந்திருந்தால், பாதிக்கப்பட்ட இரவுகளுக்கான தொகையைக் கணக்குப் போட்டு, அந்தத் தொகையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

சிட்னி வாசகி: எங்களுக்கும் பூச்சித் தொல்லை, பணம் திரும்பக் கிடைக்குமா?

துபாய் நண்பருக்குச் சொன்ன பதில்தான்.

சென்னை வாசகர்: அமெரிக்கக் கப்பல், ஆனால் புக் செய்தது இங்கே அண்ணா நகரில் ஒரு ஏஜென்ட் மூலம். பணம் திரும்ப வாங்க மியாமிக்கா போக முடியும்?

பணம் பற்றி மூன்றாவது கேள்வி, ஆனால் இதில் புதிய சங்கதி இருக்கிறது. டிக்கெட்டின் பொடி எழுத்தில் "வழக்கு ஃபுளோரிடாவில்தான்" என்று இருந்தால் அமெரிக்க நீதிமன்றங்கள் அதை ஏற்கின்றன. 1991ல் கார்னிவல் எதிர் ஷூட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. கார்னிவல் நிறுவனத்தின் கப்பலில் வழுக்கி விழுந்த ஷூட் என்ற பெண் வாஷிங்டன் மாநிலத்தவர், அவரையே ஃபுளோரிடாவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் உங்களுக்குச் சேவை விற்றவர் அண்ணா நகரில் இருக்கிறார். 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். ஏஜென்ட் "நான் வெறும் தரகர்" என்று கைகழுவப் பார்ப்பார். பணம் பெற்ற ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று எடுத்து வையுங்கள்.

பெங்களூரு வாசகர்: ஒரு துறைமுகத்துக்கே போகவில்லை, சாப்பாடும் ஆறிப்போய் வந்தது. நஷ்டஈடு?

துறைமுகத்தை விடும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். அந்தத் துறைமுக வரி மட்டும் திரும்பும். சாப்பாட்டுக் குறையை இரண்டாம் இரவே உணவுக்கூட மேலாளரிடம் நேரில் சொல்லுங்கள். கடைசி நாள் சொன்னால் வருத்தம் தெரிவிப்பதோடு சரி.

கோவை வாசகர்: பூச்சி ஸ்பிரே ஒரு டப்பா எடுத்துப் போகலாமா?

வேண்டவே வேண்டாம். கடையில் கிடைக்கும் ஸ்பிரேக்களைத் தாங்கும் சக்தி மூட்டைப்பூச்சிக்கு வந்துவிட்டது. அடித்தால் சாகாமல் சிதறி அடுத்த அறைக்குப் போகும், உங்கள் ஆதாரமும் போய்விடும். டார்ச் எடுத்துப் போங்கள்.

டல்லாஸ் வாசகி: நாளை வீடு திரும்புகிறோம். பூச்சி கூட வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை. தலைமுடியில் ஒட்டி வருமா?

முடியில் தங்காது, அது பேன். இது துணியிலும் பெட்டியின் மடிப்பிலும்தான் வரும். பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள், கராஜிலேயே திறங்கள். துவைத்த துணி, துவைக்காத துணி எல்லாமே ட்ரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் சுற்றட்டும். துவைப்பதைவிட அந்தச் சூடுதான் பூச்சியையும் முட்டையையும் கொல்லும். ட்ரையரில் போட முடியாத புத்தகம், பொம்மை போன்றவற்றைப் பையில் கட்டி உறைபெட்டியில், மைனஸ் 18 பாகை செல்சியஸில், நான்கு நாள் வையுங்கள். காலிப் பெட்டியின் ஜிப் ஓரத்தையும் சக்கரக் குழியையும் வேக்குவம் செய்து, தூசிப் பையைக் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். பிறகு இரண்டு வாரம், மூன்று நாளைக்கு ஒருமுறை மெத்தைத் தையலை டார்ச் அடித்துப் பாருங்கள். முட்டை பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் புள்ளி ஏதும் தெரியாவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.