வேகத்தடைக்கு யாருக்கும் காசு குடுக்காதீங்க, முதல்ல ரோட்டோரத்தைக் கேளுங்க

கேள்வி: பண்ருட்டி பக்கம் எங்க ஊரு. ரோடு புதுசா போட்டதுல இருந்து டிப்பரும் பைக்கும் பறக்குது. ரேஷன் கடைக்கு நடந்து போன பாட்டிய பைக் இடிச்சு இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. ஒருத்தர் 20,000 குடுத்தா ஸ்பீடு பிரேக்கர் சாங்ஷன் வாங்கித் தர்றேங்குறார். குடுக்கலாமா, இல்ல நாங்களே போட்டுக்கலாமா?

பதில்: ரெண்டுமே வேணாம் தம்பி. மனு குடுக்க ஒரு பைசா செலவில்ல. நான் இன்ஜினியரா சர்வீஸ்ல இருந்தப்ப இந்த மாதிரி ஆளுங்கள நிறைய பாத்துட்டேன், ஏற்கனவே எஸ்டிமேட்ல ஏறிட்ட வேலைய ஆபீஸ்ல மோப்பம் புடிச்சு, தான்தான் முடிச்சுக் குடுத்தேன்னு ஊர் பூரா வசூல் பண்ணுவான், வேலை வராட்டி போனை எடுக்க மாட்டான்.

நீங்களே சிமெண்ட்டக் கொட்டி மேடு கட்டுனீங்கன்னா அதுல முதல்ல விழுறது உங்க ஊர் ஆளாத்தான் இருக்கும். ரோடு வேலைக்கு விதி வகுக்குற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 செ.மீ. உயரம், மெதுவா வர்ற வண்டியத் தூக்கிப் போடாம சாய்வா இருக்கணும், 40 மீட்டர் முன்னாடியே போர்டு வேணும். ஊர்ல கட்டுறது ஒன்றரை அடி அகலத்துல முட்டிக்கிட்டு நிக்கும், ராத்திரி பின்னாடி குழந்தையோட ஒருக்களிச்சு உக்காந்து வர்ற பொம்பளை தூக்கி எறியப்படுவா, கேஸ் உங்க மேல வரும்.

ஒரு விஷயம் நல்லா கேட்டுக்கோங்க, இதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. கிலோமீட்டர் கல்லுல தலை மஞ்சளா இருந்தா அது நேஷனல் ஹைவே, அங்க வேகத்தடையே கூடாதுங்குறதுதான் மத்திய அரசோட நிலைப்பாடு, எவன் எவ்வளவு வாங்கினாலும் முறைப்படி வராது. உங்க ஊர்த் தெரு அதுல வந்து சேருற இடத்துல, தெருவுலதான் வேகத்தடை வரும், பெரிய ரோட்டுல வராது. ஏன்னா 80ல வர்றவன் திடீர்னு மேட்டப் பாத்து பிரேக் அடிச்சா பின்னாடி வர்ற லாரி ஏறிடும். அங்க கேக்க வேண்டியது ரம்பிள் ஸ்ட்ரிப், அதாவது குறுக்கால தடிமனா போடுற வெள்ளைக் கோடுங்க, அதோட எச்சரிக்கை போர்டும் லைட்டும். மத்த ரோடுன்னா கிராம சபையில தீர்மானம் போட்டு, நகலோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல குடுங்க, ரசீது வாங்காம நகராதீங்க.

ஆனா என்னைக் கேட்டா உங்க பாட்டி அடிபட்டதுக்கு வேகம் மட்டும் காரணமில்ல. அவங்க ஏன் தார் மேல நடந்தாங்க? போய் ரோட்டு ஓரத்துல ஒரு ஸ்கேல நிறுத்திப் பாருங்க. பழைய தார சுரண்டாம அது மேலயே ரோடு போட்டு ஒசத்திட்டு, ஓரத்துல கிராவல் அடிச்சு சமப்படுத்தாம போயிருப்பாங்க, ஒரு சாண் பள்ளம் இருக்கும், அதுக்கு அந்தப் பக்கம் கருவேல முள்ளு. வயசானவங்க எங்க காலை வைப்பாங்க? சைக்கிள்காரன் லாரிக்கு ஒதுங்குனா சக்கரம் சறுக்கி உள்ள விழுவான். ஸ்கேலோட போட்டோ எடுங்க. 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல அந்த வேலையோட எஸ்டிமேட், எம்-புக் (செஞ்ச வேலைய அளந்து எழுதுற அளவுப் புத்தகம்) நகல் கேளுங்க, 30 நாள்ல பதில் தரணும். ஓரத்துக்கு கிராவல் போட்டதா எழுதி பில் ஆகியிருந்தா அத வச்சே கலெக்டர்கிட்ட கேக்கலாம். 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 198ஏ-ன்னு ஒரு பிரிவே சேத்தாங்க, தரமில்லாம ரோடு போட்டு ஆள் செத்தாலோ ஊனமானாலோ பொறுப்பானவங்களுக்கு 1 லட்சம் வரைக்கும் அபராதம். அத யாராவது எடுத்துப் பேசுறாங்களா? நடந்து போனவங்க கவனமில்லாம வந்தாங்கன்னு எழுதி ஃபைல மூடிடுறாங்க, எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

அதெல்லாம் வர்ற வரைக்கும் வலப் பக்கமா, எதிர வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியுற மாதிரி நடக்கச் சொல்லுங்க. கரும்பு டிராக்டர் டிரெய்லர், மாட்டு வண்டி பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டுங்க, கரும்பு தொங்கி டேப்ப மறைக்காம கீழ் பலகையோட ரெண்டு ஓரத்துலயும் ஒட்டணும், மண்ணு அப்பிக்கிட்டா சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி துணியால துடைச்சிடுங்க.